சிவப்புப் பல்பு

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சண்முகராஜ் அந்தக் கடைசிப் பல்பைத் தடவிப் பிடித்து உருவினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். எல்.இ.டி.தான். அவனே மாட்டியதுதான்.

வெளியே சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் சுடுகாட்டுக்குப் போய்ப் பாலூற்றி, அண்ணன் தங்கச்சாமியின் எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் எடுத்து வந்தாயிற்று. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்கள். திருச்செந்தூர் கடலில் கரைக்க வேண்டும். வேன் பிடிக்கலாம் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். மதினி பெருமாயி ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"அவிய அம்பாசிடர்லதான் போகணும்."

தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி அது. பசுவந்தனை பக்கத்தில் அதில் ஏறி ஊர்வலம் போகாத மாப்பிள்ளை கம்மி. ஓட்டுவது தங்கச்சாமிதான். சுகர் வந்து கண் மங்கிய பிறகு மீட்டர் முள் அவருக்குத் தெரியவில்லை. "எலே சம்முவம், மீட்டருக்குள்ள லைட்டு எரியுதா, அழுவுதான்னே தெரியல. ஏதாச்சும் பண்ணு" என்றார். கோவில்பட்டியில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற தம்பி பிறகு எதற்கு இருக்கிறான்? மதுரையில் சொல்லி எல்.இ.டி. பாக்கெட் ஒன்று வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டினான்.

பழைய பல்பை எப்படிச் செருகினாலும் எரியும். எல்.இ.டி.க்கு அந்தக் கதையெல்லாம் கிடையாது, திருப்பிச் செருகினால் எரியவே எரியாது. லைட் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, எரியாத இரண்டைத் திருப்பி மாட்டினான். பாக்கெட்டில் ஐந்தாவது ஒன்று மிச்சம் இருந்ததே என்று, பேட்டரி சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கிலும் போட்டான். அது சாவி போட்டால்தான் எரியும். சாவி அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. அண்ணனோ புஞ்சையில் உளுந்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பார்க்காமலே மூடிவிட்டு ஓடினான்.

அந்த ஒரு பல்பு வழியாகப் போகிற கரண்டுதான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். அது தலைகீழாகக் கிடந்தால் வண்டி ஓட ஓடப் பேட்டரி வற்றும். தெரியாதவனா சண்முகராஜ்? கடைக்கு வருகிறவனையெல்லாம் உட்காரவைத்து இதைச் சொல்லுகிறவன்!

முந்தாநாள் காலை அண்ணனுக்கு நெஞ்சை அடைத்தது. மதினியின் அண்ணன் உச்சிமாகாளி சாவியைத் திருப்பினார். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேர் தள்ளினார்கள். ராத்திரி பெய்த ஐப்பசி மழையில் கரிசல் சகதியாகிக் கிடந்தது, சக்கரம் அங்கேயே புதைந்தது. வேன் வர முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர், "ஒரு அரை மணி முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றார். பாழாய்ப்போன பழைய பேட்டரி என்று எல்லாரும் திட்டினார்கள். சண்முகராஜும் சேர்ந்து தலையாட்டினான். அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது உருவும்போது பார்த்தால், பல்பு தலைகீழாகத்தான் கிடந்தது.

கழற்றிய பழைய பல்புகளை அண்ணன் வீசவிடவில்லை. தீப்பெட்டிக்குள் போட்டு வண்டியிலேயே வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துச் சிவப்பு விளக்கில் மாட்டினான். வண்டி கிளம்புவதற்கு, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திய டிராக்டரின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தாயிற்று. எல்.இ.டி.யைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இப்படியே வாயை மூடிக்கொண்டு போனால் ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது அவன்தான், கலயத்தை மடியில் வைத்துக் கொண்டுபோகப் போகிறவனும் அவன்தான்.

பெருமாயி சாவியோடு வந்து நின்றாள். இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தாள்.

"சரியாயிட்டா?"

"ஆயிட்டு மதினி."

சாவியை நீட்டினாள். அவன் கை போயிற்று, ஆனால் வாங்கவில்லை.

"மதினி, பேட்டரி மேல தப்பில்ல. நான் போட்ட பல்பு. தலைகீழா மாட்டிட்டேன், அதான் சார்ஜ் ஏறல. அன்னைக்கு வண்டி கெளம்பாததுக்கு நாந்தான் காரணம்." சட்டைப்பையிலிருந்து எல்.இ.டி.யை எடுத்துக் காட்டினான். "இந்தக் கையால கலயத்தத் தூக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

மரத்தடியிலிருந்து உச்சிமாகாளி குரல் கொடுத்தார். "மாப்ள, வெயிலு ஏறுது. கெளம்பணும்லா?"

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"செவப்பு லைட்டா?" என்றாள் பெருமாயி.

சண்முகராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு எப்பிடி..."

"புதங்கிழம ரெண்டு பேரும் மருந்துக்கடைக்குப் போனோம். அவிய சாவியப் போட்டுட்டுக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாவ. இங்கன செவப்பா ஒண்ணு எரியும், காணலியேன்னாவ. தம்பிக்குப் போனப் போட்டுக் கேளுங்கன்னேன்." கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "சம்முவம் போட்டது, சரியாத்தான் இருக்கும்னுட்டாவ."

அவள் அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெருமாயி அவனைத் தாண்டி வந்து அண்ணனின் இருக்கையில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததில்லை. சாவியைச் செருகிப் பாதி திருப்பினாள். மீட்டர் மூலையில் சிறியதாக, சிவப்பாக எரிந்தது.

"இதத்தான் தேடுனாவளா?"

"ஆமா மதினி."

"எப்ப அணையும்?"

"இன்னும் கொஞ்சம் திருப்பணும். இஞ்சின் பிடிச்சதும் அணைஞ்சிரும். அணைஞ்சாத்தான் சரி."

சாவியின் மேல் அவள் விரல்கள் அப்படியே இருந்தன. பழைய பல்பின் வெளிச்சம் அவள் வெறும் நெற்றிவரைக்கும்கூட எட்டவில்லை. மரத்தடியில் கலயத்தை அவிழ்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

பிறகு திருப்பினாள். வண்டி இருமி, குலுங்கி, பிடித்துக்கொண்டது. சிவப்பு அணைந்தது.

பெருமாயி இறங்கினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவனைப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக் கதவை அவள் சாத்தவில்லை.