மேட்டார் விருந்தாளியை வரவேற்கும் முறை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தனபாலின் செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே நாலைந்து பேர் கூடுவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இல்லாத நாடுகளில் வாயாலேயே நடமாடுகிற விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் வாழ்வார்கள். வாள் வெட்டியதா தவறியதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். இதை எழுதுகிறவன் அந்த மேசையில் ஒரு சுங்கச்சாவடிக் காவலன். நாற்பது வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். இதுவரை அவன் பதில் சொல்லி ஜெயித்ததில்லை.

அந்த நாடுகளை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர். எருத்தேன்பதி மௌனிகா, கல்பாத்தி அமர்நாத். கோயம்புத்தூரில் ஒன்றாகப் படித்தவர்கள். கதை மௌனிகாவுடையது. எழுதட்டுமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதுங்ண்ணா. ஆனா கதையில என்னை அழ வெச்சுப் போடாதீங்க. நான் அப்ப அழுவுல."

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மேட்டு நிலத்தின் குதிரைப்படை ஆற்றுப் பாலத்தை நோக்கி இடியென

(இடியென என்ன? குதிரைப்படை வந்ததும் எழுதுகிறவனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. விட்டுவிடலாம்.)

இரண்டாம் முயற்சி:

மௌனிகாவுக்கு அமர்நாத்தைப் பிடித்திருந்தது. இரண்டு வருடமாகப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல அவள் ஒரு நாட்டையே உண்டாக்கினாள்.

இது நிற்கும்.

3

வேலையை அவர்கள் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வறண்ட மேட்டில் வாழும் மக்களை மௌனிகா எழுதுவாள். அவர்கள் மேட்டார். ஆற்றங்கரையில் வாழும் மக்களை அமர்நாத் எழுதுவான். அவர்கள் ஆற்றார். இரண்டு கூட்டமும் பரம எதிரிகள். முடித்துக் கொடுத்தால் புத்தகமாகப் போடுவதாக ஒரு சின்ன விளையாட்டுக் கம்பெனி சொல்லியிருந்தது.

எதிரிகளை உண்டாக்குவது சுலபம் என்று நினைப்பீர்கள். கொடி, கடவுள், போர்க்கூச்சல் எல்லாம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். கஷ்டம் எதில் என்றால், அந்த மக்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன செய்வார்கள், கோபம் வந்தால் எப்படிக் காட்டுவார்கள் என்பதில். அதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் கை தானாகச் சொந்த வீட்டுக்குள் போய்த் துழாவும்.

மௌனிகாவின் கையும் அங்கேதான் போனது. எருத்தேன்பதியில் ஒரு தோப்புக்கும் அடுத்த தோப்புக்கும் நடுவே கூப்பிட்டால் கேட்காத தூரம். ஆள் வருவதே ஒரு விசேஷம். ஆகவே மேட்டாருக்கு அவள் இந்தச் சட்டத்தை எழுதினாள்: விருந்தாளி வாசலில் நின்றால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும், அவருக்கு அந்த விருந்தாளி வேண்டாம் என்று பொருள். அப்போது விருந்தாளி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தை வாயிலெடுக்காமல் திரும்பிவிடுவதே மரியாதை.

கல்பாத்தி அக்ரகாரத்தில் அமர்நாத்தின் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர்.

"எங்க தெருவுல ஒரு அடுக்களைல மொளகா வறுத்தா நாலு வீட்டுல தும்முவா, கேட்டயா. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அதனால கேக்காம இருக்கறதுதான் பெரிய மரியாதையாக்கும்" என்றான் அவன்.

ஆகவே ஆற்றார் காரணம் கேட்பதில்லை. ஒரு மறுப்பு கிடைத்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் என்று கேட்பது அவர்களிடையே அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

(இதை ஓர் அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரிகளை எழுதச் சொன்னால் இந்த இருவரும் ஏக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். மேட்டார் பெண்கள் ஆற்றின் சத்தத்தைக் கனவில் கேட்பதற்காகத் தெற்கே தலை வைத்துப் படுப்பார்கள் என்று மௌனிகா எழுதியிருந்தாள். அமர்நாத்தின் ஆற்றார் பிள்ளைகள், சுவரே இல்லாத ஒரு நாடு மேட்டில் இருப்பதாகத் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தார்கள். காதல் கடிதத்தை இவ்வளவு சுற்றி வளைத்து எழுதுகிறவர்களை எழுதுகிறவன் வேறெங்கும் பார்த்ததில்லை. டின்சிக்கு மட்டும் முதல் வாரமே விளங்கிவிட்டது. டின்சி யார் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.)

4

இந்தப் பகுதியை எழுதுகிறவன் கண்ணால் பார்க்கவில்லை. மௌனிகா சொன்னது.

சித்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் அமர்நாத், "உங்க அப்பாகிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்று கேட்டான். அவள் "ம், பேசு" என்றாள். ஒரு சிநேகிதன் வருகிறான், ஏதோ பேச வேண்டுமாம் என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்தாள். அவள் அப்பா செங்கோட்டையனுக்கும் அம்மா பழனாத்தாளுக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாதியை நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அப்பா, மூன்றாம் நாள் வெளுத்த வேட்டியை எடுத்து வைத்தார். கேட்டுப் பார்ப்போம் என்று அதற்கு அர்த்தம்.

சித்திரை வெயில். அமர்நாத்தின் பைக் தென்னைகளுக்கு நடுவே வந்து நின்றது.

"வாங்க தம்பி, வாங்க" என்றார் செங்கோட்டையன்.

பழனாத்தாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, "வாங்க சாமி" என்றாள். போனிலிருந்து தலையைத் தூக்கிய தம்பி கௌசிக்கும், "வாங்க" என்றான்.

மௌனிகா வந்தாள். அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினாள்.

"செருப்பை அந்த நெழல்ல கழட்டு. வெயில்ல உட்டா போறப்ப காலு வெந்து போயிரும்" என்றாள். ஹெல்மெட்டை உள்ளே கொண்டுபோய்த் தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் மாட்டினாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

வெளியே அமர்நாத் காத்திருந்தான். மோர் வந்தது. குடித்தான். தென்னையில் வெள்ளைப் பூச்சித் தொந்தரவு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். செங்கோட்டையன் அரைமணி நேரம் சொன்னார். பிறகு அவன் எழுந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"பையன் நல்லாத்தான பேசறாப்ல. எதையோ கேக்க வந்தாப்லன்னு பாத்தா, வெள்ளைப் பூச்சியக் கேட்டுட்டுப் போய்ட்டாப்ல" என்றார் செங்கோட்டையன்.

"நம்ம ஊடு பிடிக்குலியோ என்னமோ" என்றாள் பழனாத்தாள்.

அந்த ஒரு வாக்கியம் மௌனிகாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் வேண்டாம் என்று எழுந்து போனவனைப் பின்னாலேயே போய் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அன்று சாயங்காலம் மௌனிகாவின் கண்கள் கலங்

(நிபந்தனை நினைவுக்கு வந்தது. அடித்தாயிற்று. அன்று சாயங்காலம் அவள் மோட்டார் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் விட்டாள்.)

அவனும் கேட்கவில்லை. கேட்க மாட்டான் என்பது உங்களுக்கே தெரியும், அவன் ஆற்றான். அடுத்த மாதம் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். தன் பங்கு அத்தியாயங்களை மின்னஞ்சலில் அனுப்பினான். அவற்றில் ஆற்றார் பாலத்துக்குக் கதவு போட்டார்கள். பதிலுக்கு மௌனிகாவின் மேட்டார், ஆறு என்ற சொல்லையே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதை நிறுத்தினார்கள். கம்பெனிக்காரர் பாராட்டி எழுதினார்: "பகை இப்போதுதான் நிஜமாக வந்திருக்கிறது."

5

டின்சி ஆனைக்கரைக்காரி. ஏலக்காய்த் தோட்டத்துக் குடும்பம். பாலக்காட்டில் நர்ஸ். ஞாயிறு விடுப்பு கிடைத்தால் விளையாட வந்துவிடுவாள். ஐப்பசியில் ஒரு மதியம் மௌனிகா கதையை நடத்தினாள். கீழேயிருந்து பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வந்திருந்தது. டின்சியின் வேடம், போருக்குப் போய் ஒரு வருடம் கழித்து ஊர் திரும்பும் ஒரு மேட்டுப் பெண்.

"எம் வீட்டு வாசல்ல வந்து நிக்கேன்" என்றாள் டின்சி.

"உன்ற புருசன் வர்றான். உன்ற கையில இருக்கற மூட்டைய வாங்கிட்டு உள்ள போறான்" என்றாள் மௌனிகா.

"வாங்கன்னு சொல்லல?"

"இல்ல."

"அப்ப சரி. மோரக் குடிச்சிட்டு வந்த வழியே திரும்பிப் போறேன்."

எல்லோரும் சிரித்தோம். மௌனிகா மட்டும் எரிச்சலானாள்.

"ஏம் புள்ள, உனக்கென்ன கிறுக்கா? அவன் உன்ற புருசன். ஊட்டு ஆளுக்கு யாராச்சும் வாங்க சொல்லுவாங்களா? அது அசலாளுக்குச் சொல்றது."

"அது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டபடி டின்சி அச்செடுத்த தாள்களைப் புரட்டினாள். "ஒருத்தர் சொல்லலைன்னாலும் திரும்பிப் போயிரணும்னுதான் போட்டிருக்கு. வீட்டு ஆளுக்குக் கிடையாதுன்னு எங்கயும் காணோமே. இத வாசிச்சிட்டு நான் வேற என்னன்னு நெனைக்க?"

மௌனிகா தாள்களை வாங்கிப் பார்த்தாள். இல்லை. எழுதவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைக்கிறார்கள்? அவள் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தேடினாள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், கௌசிக் சொன்னான். அவள் சொல்லவில்லை. அவள் எழுதிய புத்தகத்தை உலகத்திலேயே அதிகக் கவனமாகப் படித்தவன், அதை நம்பித் திரும்பிப் போயிருக்கிறான்.

"ஐயோ, நான் அவனோட ஹெல்மெட்ட வாங்கி உள்ள மாட்டுனனே" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டின்சிக்குப் புரிந்தது. அவள் பழம்பொரித் தட்டை மௌனிகாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

6

முடிவுகள். கைவசம் இரண்டு இருக்கின்றன.

அ. கல்பாத்தித் தேர். அமர்நாத் ஊருக்கு வந்திருக்கிறான். ஜனக்கடலில் வடம் பிடிக்கும் கைகளுக்கு நடுவே அவன் கையை மௌனிகா அடையாளம் கண்டு

(தேர்க் கூட்டத்தில் யாரும் யாரையும் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை. எழுதுகிறவன் அங்கே தன் அண்ணன் மகனையே தொலைத்திருக்கிறான். வேண்டாம்.)

ஆ. விடுபட்ட வரியை மௌனிகா புத்தகத்தில் சேர்க்கிறாள். பெங்களூரில் அவன் அதைப் படித்துவிட்டுச் சிலையாக உட்கார்ந்திருக்கிறான். எழுதுகிறவனுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லியும் பார்த்தான்.

"அது வேண்டாங்ண்ணா. புத்தகத்துல போட்டா ஊருக்கே சட்டமாயிரும். எனக்கு ஒருத்தன்கிட்டச் சொன்னாப் போதும்" என்றாள்.

நடந்தது இதுதான். தேருக்கு அவன் வந்திருப்பது தெரிந்து போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றியா?"

"வரேன்" என்றான். எதற்கு என்று கேட்கவில்லை.

"போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?" என்று எழுதுகிறவன் கேட்டான்.

"சொல்லணும்னா, நீ என்ற ஊட்டு ஆளு, அதனாலதான் சொல்லுலன்னு சொல்லோணும். அதைப் போன்ல எப்பிடிங்ண்ணா சொல்றது?" என்றாள்.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. மேசையருகே இரண்டு நாற்காலிகள் காலி. டின்சி பகடையை உருட்டிக்கொண்டே இருக்கிறாள், எண்ணைப் பார்ப்பதில்லை. தனபால் கடையைப் பாதி சாத்திவிட்டு மேலே வந்து உட்கார்ந்திருக்கிறான். எழுதுகிறவன் இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறான். எருத்தேன்பதியில் இந்நேரம் பைக் வந்து நின்றிருக்கும். எழுதுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அவர்கள் இருவரும் ஒன்றாக இந்தப் படியேறி வருவதுதான். எழுதிவிட்டால் நடந்துவிடும் என்றால் இரண்டே வரியில் எழுதிவிடுவான்.

ஆனால் அவள் பாடு சுலபமில்லை. 'வாங்க' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அவன் உள்ளே வருவான், பேசுவான், எல்லாம் நடக்கும். ஆனால் அசலாளுக்குச் சொல்வதை அவனுக்குச் சொல்ல அவள் நாக்கு எழாது. சொல்லாவிட்டால், விடுபட்ட வரி அவனுக்கு இன்னும் தெரியாது. மோரைக் குடித்துவிட்டுப் போவான், இந்த முறை திரும்பி வர மாட்டான். பெற்றவர்கள் முன்னால் நின்று நீளமாக விளக்கவும் முடியாது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கலாம். எழுதுகிறவன் காலையிலிருந்து தேடுகிறான், அகப்படவில்லை.

எங்கள் விளையாட்டில் நடத்துகிறவர் நிலவரத்தைச் சொல்லி முடித்ததும், வேடக்காரரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசினாலும் ஆட்டம் கெட்டுவிடும். ஆகவே நிலவரம் இது. அப்பா சொல்லிவிட்டார். அம்மா சொல்லிவிட்டாள். தம்பியும் சொல்லியாயிற்று. அமர்நாத் முற்றத்தில் நிற்கிறான், இன்னும் செருப்பைக் கழற்றவில்லை, உங்களைத்தான் பார்க்கிறான். நீங்கள் மௌனிகா.

என்ன செய்கிறீர்கள்?