தொட்டி வாயில் நிற்பவர்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கப்பலில் வேலை செய்பவர்களுக்காக நாடு முழுமைக்கும் பாதுகாப்பு விதி எழுதும் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வீடு தேடி வந்தார்.

"விதியை எவனும் படிக்க மாட்டேங்கிறான் சார். நீங்க நல்லா புளுகுவீங்களாமே. இதையே ஒரு கதையா எழுதிக் கொடுங்க."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

விதி இதுதான்: மூடிக் கிடந்த தொட்டிக்குள் காற்றை அளக்காமல் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால், மூச்சுக்கருவி மாட்டாமல் இன்னொருவன் இறங்கவே கூடாது.

2.

முதல் தொடக்கம்: கடல் அன்று கோபமாக

(வேண்டாம். கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. கடல் அதன்பாட்டுக்குச் சும்மா இருந்தது. ஆள் சாவதற்குப் புயல் எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: சாரங்கு தொட்டியின் மூடியைக் கழற்றினார். சாரங்கு என்றால் மேல்தட்டு ஆட்களுக்கு மேஸ்திரி. காற்றளக்கும் கருவியோடு அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, பாதி ஏணியில் இருந்தான்.

"ஏறுடா மேல. கருவி வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள நான் கழுவியே முடிச்சிடுவேன் மாமா. ஒரு நாத்தமும் இல்ல."

"நாத்தம் இல்லைன்னா காத்து இருக்குன்னு அர்த்தமாடா?"

"அக்கா சொன்னது சரிதான். வீட்ல பல்லிக்கே நாற்காலி மேல ஏறுவீங்களாம்."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கீழே தொப்பென்று ஒரு சத்தம்.

(ஒரு குறிப்பு. பூட்டிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் துரு தின்றுவிடும். ஆயுள் முழுக்கக் கதை விட்டவன் நான். அதிசயமாக ஓர் உண்மையைச் சொல்லும்போது நீங்கள் சிரித்துத் தொலைக்காதீர்கள்.)

3.

சாரங்கு ஆபத்து மணியை அடித்துவிட்டார். மூச்சுக்கருவி கப்பலின் மறுகோடியில் இருக்கிறது, ஆட்கள் ஓடியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் மச்சினனின் கை தெரிகிறது. விரல் அசைகிறது.

முதலில் எழுதியபோது சாரங்கையும் உள்ளே இறக்கிவிட்டேன். அருமையான பக்கம், நானே அழுதேன். ஏணியடியில் இரண்டு உடல்கள். அலுவலக அம்மா படித்துவிட்டு, பேனாவால் ஒரே கோடாக இழுத்தார்.

"இப்படித்தான் சார், ஒருத்தரைத் தூக்கப் போய் ரெண்டு பேரைத் தூக்குறோம்."

"சும்மா நின்னா கோழைன்னுவாங்களேம்மா."

"யாரு?"

"வாசகர்கள்."

"அவரு பொண்டாட்டிகிட்ட போய் ரெண்டு சாவு சொல்லப் போறது அவங்களா?"

காப்பி கொடுத்துச் சமாளித்தேன்.

4.

ஆகவே நிற்கிறார். நிற்கிற மனிதனை எழுதுவது போல இம்சை வேறில்லை. "டேய், எழுந்திருடா" என்று கத்துகிறார். தொண்டை கட்டிவிட்டது. மனைவியிடம் சொல்ல வேண்டியதை மனம் அதன்பாட்டுக்கு ஒத்திகை பார்க்கிறது: உன் தம்பி விழுந்தான், நான் மேலே

(இதற்கு மேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.)

மச்சினன் பிழைத்தானா என்று கேட்காதீர்கள். பிழைத்தான் என்றால், நின்றது சரி என்பீர்கள். பிழைக்கவில்லை என்றால், இறங்கியிருக்கலாமே என்பீர்கள். நிற்கிற நேரத்தில் அவருக்கு அந்த விடை தெரியாது. உங்களுக்கு மட்டும் எதற்கு?

கருவி இன்னும் வரவில்லை. இதோ, அவருடைய ஒரு கால் ஏணிக்குப் போய்விட்டது. எனக்கு வயதாகிவிட்டது, பிடித்து நிறுத்தத் தெம்பில்லை. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டுவார், உதைப்பார். விடாதீர்கள்.