மீட்டர் அண்ணனின் தப்பு விடைகள்

கணகணவென்று மணி அலறியதில் டாக்ஸிக்காரரின் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது.

"நேரம் முடிஞ்சுது. பேப்பரைக் கொடுங்க" என்று வரிசையாக வாங்கிக்கொண்டே வந்தார் மாலை வகுப்பின் இங்கிலீஷ் டீச்சர்.

கொடுத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார் டாக்ஸிக்காரர். கடவுளே, இந்தத் தடவையும் ஃபெயிலாகிவிட வேண்டும்!

பாஸானால் சான்றிதழ் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். அப்புறம் சாயங்காலம் ஆனால் வீட்டைத் தவிர போக்கிடம் ஏது? மனைவி போனபிறகு அது வீடாகவா இருக்கிறது? பூட்டைத் திறந்தால், காலையில் கட்டில்மேல் எறிந்த துண்டு எறிந்தபடியே கிடக்கும். மகள் கடல் தாண்டிக் குடித்தனம் போய்விட்டாள். டாக்ஸியில் நாள் முழுக்க ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள்தான். ஆனால் காதில் செருகியதைக் கழற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேச ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

"மீட்டர் அண்ணே!" வாசலில் மடக்கினாள், கூடப் படிக்கும் பேக்கரிக்காரப் பெண். வகுப்பில் அவருக்கு அதுதான் பெயர். "எனக்கு காஸ்ட்டும் பிரைஸும் மறுபடி குழம்பிடுச்சு."

"எத்தனை தடவைம்மா சொல்றது? ரொட்டி சுட உங்க முதலாளிக்கு ஆகுற செலவு காஸ்ட். அப்புறம் அதுல சீட்டு ஒட்டி என் தலையில கட்டறீங்களே, அது பிரைஸ்."

"அமௌண்ட், நம்பர்?"

"மாவை எண்ண முடியுமா? அதுக்கு அமௌண்ட். முட்டையை எண்ணலாம், அதுக்கு நம்பர்."

"டாக்டருக்குக் கொடுக்கறது?"

"ஃபீ. கொடுத்துட்டு வந்தா நமக்கு வர்றது தலைவலி."

அவள் சிரித்தாள். "இவ்வளவு தெரிஞ்சும் போன தடவை கோட்டை விட்டீங்களே!"

"பேப்பரைப் பார்த்தா மறந்துடுதும்மா" என்று மழுப்பினார். அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க." டீச்சரின் குரல்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் விரிந்து கிடந்தது டாக்ஸிக்காரரின் பேப்பர்.

"டாக்ஸியில போனா கொடுக்கறது என்ன? ஃபைன்னு எழுதியிருக்கீங்க."

"தப்புங்களா?"

"வண்டியில ஏறினதுக்கு ஜனங்களுக்கு அபராதமா போடறீங்க? ஃபேர்னு உங்க மூக்குக்கு நேரா மீட்டர்ல நாள் முழுக்க எரியுதே! எனக்கே காது குத்தறீங்களா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றார் டாக்ஸிக்காரர். பிறகு மெல்லச் சொன்னார்:

"பாஸாகி நான் எங்க போறது டீச்சர்? இங்க வந்தா நாலு பேர் அண்ணேன்னு கூப்பிடறாங்க. வீட்டுல இருமினாக்கூட என்னன்னு கேக்க ஆளில்ல. இந்த ஒரு தடவை பாஸ் போட்டுடாதீங்க."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்களுக்குச் சரியா தப்பு பண்ணவும் தெரியல. போன தடவையே பாஸ் மார்க் வாங்கிட்டீங்க."

"அப்புறம் எப்படி ஃபெயிலானேன்?"

டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான் குறைச்சுப் போட்டேன். வகுப்பு முடிஞ்சதும் 'இன்னும் கிளம்பலையா டீச்சர்'னு என்னைக் கேக்கறது நீங்க ஒருத்தர்தான்ணே."