அப்பாவின் படகும் தம்பியின் கன்னமும்

சுங்கை ஊடாங் வீட்டுக்குப் பின்னால் அந்த மோட்டார் படகு தார்ப்பாய்க்குள் கிடந்தது. எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த அப்பா பெரியதம்பி, லீவு நாளில் மீன் பிடிக்கவென்று வாங்கியது. அவர் இறந்த பிறகு அதில் கை வைத்தவன் இளைய மகன் தினேஷ்வரன் ஒருவன்தான். போதைப் பொடிப் பழக்கத்தில் விழுந்திருந்த காலத்தில் அவன் பட்டப்பகலில் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டான்.

அது பழைய கதை. மறுவாழ்வு மையத்திலிருந்து தெளிந்து வந்தவன் இப்போது செலண்டாரில் ஒரு டயர் கடையில் இருக்கிறான். மூத்தவன் புவனேந்திரனுக்கு மலாக்கா டவுனில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. படகைப் பழையபடி ஓட வைக்க வேண்டும் என்று அவன் கிளம்பியபோது, அம்மா ஜெயமணிதான் சொன்னாள்.

"அவனையும் கூப்டுடா. ஒன்னோட நின்னு வேல செஞ்சா அவனுக்கும் மனசு நல்லாருக்கும்."

ஞாயிறுதோறும் தினேஷ் மோட்டார் சைக்கிளில் வந்தான். இருவரும் பழைய பெயிண்டைச் சுரண்டினார்கள், விரிசல்களை அடைத்தார்கள், கையெல்லாம் ஃபைபர் தூள் அரித்தது. இரண்டு பேருக்கும் இந்த வேலை புதிது. தப்பாகப் பூசி, மறுபடி சுரண்டி, சிரித்துக்கொண்டார்கள். புது இன்ஜின் வந்த அன்று தினேஷ் அதன் அருகில் போகவே இல்லை. புவனேந்திரன் அதைக் கவனித்தான்.

படகை இறக்கும் நாளில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆற்றுமுகத்துப் படகுத்துறை ஜெட்டிக்கு வந்திருந்தார்கள். அம்மா தேங்காய் உடைத்தாள். தினேஷ் படகின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீருக்குள் தள்ளிவிட்டுக் கரையில் நின்றுகொண்டான். புவனேந்திரன் அம்மாவையும் தன் சின்ன மகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆற்றின் நடுவில் காலடியில் தண்ணீர் ஏறியது. பின்பக்கம் தாழ்ந்தது, இன்ஜின் நின்றது. மகள் அலறினாள். அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "முருகா, முருகா" என்றாள். பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் இருவர் படகைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

இழுத்துப் போட்டதும்தான் தெரிந்தது. மழைத்தண்ணீர் வடிவதற்காகப் படகின் பின்னால் அடியில் ஒரு துளை இருக்கும். அதை மூடும் திருகு பிளக் இல்லை.

"பின்னால நின்னது நீதானடா? எங்க அது?" புவனேந்திரன் எல்லார் முன்னாலும் கத்தினான். "இன்ஜின வித்த. இப்ப என் பிள்ளைய முழுகடிக்கப் பாத்தியா? மறுபடியும் எடுத்துட்டியாடா?"

"நான் தொடலண்ணே..."

அம்மா நனைந்த சேலையோடு நேராக வந்து தினேஷின் கன்னத்தில் அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை. தினேஷ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகினான். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, துணி துவைக்கப் போட்ட புவனேந்திரனின் மனைவி வாணி, அவன் காற்சட்டைப் பையிலிருந்து பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள்.

"இது என்னங்க?"

பார்த்ததும் புவனேந்திரனுக்கு ஞாபகம் வந்தது. இறக்குவதற்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது. தண்ணீரை வடிக்க அவன்தான் பிளக்கைக் கழற்றினான். அந்த நேரம் போன் வந்தது. பையில் போட்டவன் அதோடு மறந்துவிட்டான்.

"ஏதோ ஸ்க்ரூ," என்று மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா சாப்பிடும்போதெல்லாம், "திருந்திட்டான்னு நம்புனேனே" என்று அழுதாள். அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மாமா, 'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்று போட்டிருந்தார். அதையும் படித்துவிட்டுப் போனை வைத்தான். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் தினேஷ் வரவில்லை. இனி தூங்க முடியாது என்றான பிறகுதான் புவனேந்திரன் செலண்டாருக்குக் காரை எடுத்தான்.

டயர் கடையில் தம்பி ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தான்.

"வாண்ணே. அம்மாவுக்கு ஒன்னும் இல்லயே?"

புவனேந்திரன் பிளக்கை நீட்டினான். "என் பாக்கெட்லதான் இருந்துச்சு தம்பி. நான்தான் கழட்டுனேன்."

தினேஷ் அதையே பார்த்தபடி டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தான். அண்ணன் எதிர்பார்த்த கோபம் வரவில்லை.

"நான்தான் எடுத்துட்டேன்னு நெனச்சேன்ணே," என்றான் மெதுவாக. "அந்தக் காலத்துல செஞ்சதுல பாதி எனக்கு ஞாபகமே இல்லலா. நீங்க எல்லாரும் சொன்னீங்க, அம்மாவே அடிச்சாங்க. அப்ப செஞ்சிருப்பேன் போலன்னு பயந்துட்டேன். சென்டருக்குப் போயி என்னை மறுபடி சேத்துக்கங்கன்னு கேட்டேன். சோதிச்சுப் பாத்துட்டு, ஒனக்கு ஒன்னும் இல்ல, போன்னு அனுப்பிட்டாங்க."

புவனேந்திரனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்பண்ணே கெடச்சது?"

நேற்று என்று சொல்ல வாயெடுத்தான். அந்தப் பொய்யையும் சொல்லிவிட்டால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"ரெண்டு நாள்லயே கெடச்சிருச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தினேஷ் எழுந்தான். "அம்மாகிட்ட நீயே சொல்லிருண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சக்கரத்திடம் திரும்பினான்.

அன்று மாலையே வாணியும் மகளும் இருக்கும்போது புவனேந்திரன் அம்மாவிடம் சொன்னான். வாட்ஸ்அப்பிலும் ஒளிக்காமல் எழுதினான். அம்மா அவனைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்து எதிரிலேயே நின்றான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

"அவன்னா ஒடனே கை ஓங்கிருச்சு," என்றாள் அம்மா. "ஒன்னை அடிக்கக் கை வரல பாரு. அதாண்டா எனக்கு அசிங்கமா இருக்கு."

மறுநாள் காலையில் மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு அவள் தனியாகப் பஸ் ஏறி செலண்டாருக்குப் போனாள். புவனேந்திரன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். அங்கே இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்ஜினைக் கழுவிச் சரிசெய்து மறுபடி இறக்கியபோது ஜெட்டியில் கூட்டம் இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. அண்ணன் வற்புறுத்தியதால் தினேஷ் வந்தான். படகின் முன்பக்கம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் எதையும் தொடவில்லை. திரும்பி வரும்போது ஜெட்டி நெருங்கியது.

"கயிற எடு தம்பி," என்றான் புவனேந்திரன்.

தினேஷ் காலடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"எடுக்கலாமாண்ணே?"