இடது பின்கதவில் ஒரு பள்ளம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

போடிநாயக்கனூரில், மொக்கையனின் டிங்கர் பட்டறையில், போன செவ்வாய்க்கிழமை பிறந்தது. 1977இல் வாங்கிய வெள்ளை அம்பாசிடர் ஒன்று, பதினோரு வருட ஓட்டத்துக்குப் பிறகு பெயிண்ட் அடிக்க வந்திருந்தது. வண்டிச் சொந்தக்காரர் காசிமாயன் போன புரட்டாசியில் காலமாகிவிட்டார். மொக்கையன் சுத்தியலை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எல்லா நசுக்கலையும் எடுத்தாச்சு தாயி. இடது பின்கதவுல இருக்கே, இது ஒண்ணுதான் மிச்சம். பெரியவரு இருந்த வரைக்கும் இதுல கை வைக்க விடல. இப்ப எடுத்துரட்டுமா? சனிக்கிழமை பெயிண்ட் அடிக்கணும். அதுக்குள்ள சொல்லிவிடுங்க."

எட்டணாக் காசை வைத்தால் மூடிவிடும், அவ்வளவுதான் பள்ளம். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நானோ வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏன் என்னிடம் கேட்டார் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

2

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "1977ஆம் வருடம், தை மாதம். முருகன் கோயில் வாசலில் இளநீர் விற்கும் அமாவாசை தன் தள்ளுவண்டியைத் திருப்பும்போது, அதன் கைப்பிடி புத்தம்புது அம்பாசிடரின்—"

(விட்டுவிட்டேன். அமாவாசை அண்ணன் இன்றைக்கும் அதே இடத்தில்தான் இளநீர் வெட்டுகிறார். செய்யாத தப்புக்கு அன்றைக்கே காசிமாயனிடம் வசவு வாங்கியவர். கதையிலும் ஒரு தடவை வாங்க வேண்டுமா, பாவம்?)

இரண்டாம் தொடக்கம்: "முதுகு அரித்த கன்றுக்குட்டி ஒன்று—"

(பள்ளத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நீலக் கன்றுக்குட்டியை நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

மூன்றாம் தொடக்கம்: "ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பு ஒன்று வந்து நின்றது. அதன் கதவைப் படாரென்று திறந்து—"

(இதைத்தான் மனமறிந்து புளுகியிருக்கிறேன். போடிமெட்டு ஏறுகிற ஜீப்புக்கு ஏது கதவு? தொத்திக்கொண்டு இருபது பேர் போக வேண்டிய வண்டி. கதவையெல்லாம் கழற்றி ஷெட்டில் போட்டிருப்பார்கள். கம்பியைப் பிடித்து ஏறுவது, கம்பியைப் பிடித்துக் குதிப்பது, அவ்வளவுதான். மலையில் பிறந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.)

மலையில் பிறந்தவர்கள் என்று எழுதிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

3

காசிமாயனை எழுதுவது சுலபம். அவருடைய கோபம் ஊரறிந்தது.

தேவாரம் பக்கம் தோட்டம், போடியில் வீடு. காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆறு வருடம் காத்திருந்தார். வந்த பிறகு அதைக் கைக்குழந்தையைப் போலத்தான் வைத்துக்கொண்டார். கல்யாண மண்டபமோ, ஏலக்காய் ஏலம் நடக்கிற கட்டடமோ, எங்கே போனாலும் மற்ற வண்டிகளோடு வரிசையில் நிறுத்தமாட்டார். அரை பர்லாங் தள்ளி, ஒரு பொட்டலின் கோடியில் தனியாக நிறுத்திவிட்டு, வேகாத வெயிலில் நடந்து வருவார். காரியம் முடிந்து திரும்பிப் போனால், அத்தனை பெரிய பொட்டலையும் விட்டுவிட்டு, அவர் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி எவனோ தன் வண்டியைச் சொருகியிருப்பான். இதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உங்களில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

"அடுத்தவன் மாட்டக் கம்பால அடிச்சா பஞ்சாயத்தக் கூட்டுறோம்ல?" என்பார் காசிமாயன். "அடுத்தவன் வண்டியக் கதவால அடிச்சுட்டு அவம்பாட்டுக்குப் போறான். திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான். அவன் கதவத் தொறக்குறதுக்கு எம்வண்டிதான் முட்டுக்கட்டையா?"

பேச்சோடு நிற்கிறவரும் இல்லை. பழைய சைக்கிள் ட்யூப்பைக் கீறித் தன் வண்டிக் கதவு நான்கின் விளிம்பிலும் ஒட்டியிருந்தார், தன்னால் அடுத்தவன் வண்டிக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று. நியாயஸ்தர். நியாயஸ்தர்களிடம் தப்பை ஒப்புக்கொள்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

4

பொன்னுமணியை எழுதுவது கஷ்டம்.

அவள் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி மகள். பத்தொன்பது வயது. அவர்கள் குடியிருந்தது லயம், தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடு. அதன் கதவு பலாமரம். வருடத்தில் பாதி நாள் மழையிலும் மஞ்சிலும் ஊறி உப்பிப்போய் நிலையோடு இறுகிக் கிடக்கும். தாழை எடுத்துவிட்டுத் தோளால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். அவளுக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டார் போடி முருகன் கோயிலில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். பெண்ணை ஜீப்பில் கொண்டுபோனால் தலையெல்லாம் புழுதியாகிவிடும் என்று தோட்டத்து மேனேஜர் தன் நீல நிறப் பியட் காரையும் டிரைவரையும் கொடுத்தனுப்பினார். பொன்னுமணி சிவப்புப் பட்டுச் சேலை கட்டி—

(சிவப்பு இல்லை. பட்டும் இல்லை. மாம்பழ நிறத்தில் அம்மாவின் நூல் சேலை.)

கோயில் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. முன்னால் மாலை, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அதற்குப் பக்கத்தில் டிரைவர் பியட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார். பொன்னுமணி கைப்பிடியைத் திருகினாள். கார்க் கதவு எப்படித் திறக்கும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வீட்டுக் கதவை நினைத்துத் தோளால் ஒரு இடி இடித்தாள்.

டொக்.

சின்னச் சத்தம்தான். அவளுடைய அம்மா மருதாயி எட்டிப் பார்த்து, முகம் வெளுத்து, "சாரமில்ல, பரவால்ல, பேசாம வா" என்று மலைப் பேச்சில் அடக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே மாப்பிள்ளையின் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க. வாசல்ல வெள்ளக் காரு நிக்குதே, பாத்தீகளா? நம்ம வண்டிதான். வாங்கி இன்னையோட பத்தொம்பது நாளு" என்றார்.

"பாத்தோம்" என்றாள் மருதாயி.

பேச்சு முடிக்கிற நாளில் புது வண்டியைப் பெண்ணே இடித்தாள் என்று தெரிந்தால், சகுனம் சரியில்லை என்று எழுந்துவிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சோலைமலையைப் பொன்னுமணிக்கு ஒரே பார்வையில் பிடித்துப்போயிருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மஞ்சு இறங்குவதற்குள் மலையேற வேண்டும் என்று சொல்லி, பெண் வீட்டார் முதலில் கிளம்பிவிட்டார்கள். பின்னால் காசிமாயனின் குரல் கோயில் கோபுரம்வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அகப்பட்டவர் அமாவாசை.

(இங்கே 'அவள்' என்று எழுதி எழுதி எனக்கே கூச்சமாகிவிட்டது. நீங்களும் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். பொன்னுமணி நான்தான். மொக்கையன் என்னிடம் கேட்டதும் அதனால்தான். ஆனாலும் 'நான்' என்று எழுதினால் அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. அவளாகவே இருந்துவிட்டுப் போகிறேனே?)

5

வைகாசியில் கல்யாணம். மாமனார் வீட்டில் முதல் நாள் பந்தியிலேயே அந்தப் பேச்சு வந்துவிட்டது.

"எந்த நாதாரிப் பயலோ, நல்லாவே இருக்கமாட்டான்" என்று தொடங்குவார் காசிமாயன். பள்ளத்திலிருந்த நீலப் பெயிண்டை நகத்தால் சுரண்டி, திருநீற்றுப் பொட்டலம் மாதிரி மடித்து, காரின் முன்பெட்டியில் வைத்திருந்தார். நீல வண்டி எதைக் கண்டாலும் இறங்கிப்போய் அதன் கதவு விளிம்பைப் பார்ப்பார். மொக்கையன் பள்ளத்தை எடுத்துவிடலாம் என்றபோது, "ஆளு மாட்டுற வரைக்கும் சாட்சி வேணும்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

வைகிற வாய்க்குச் சோறு பரிமாறுகிறவள் பொன்னுமணி. அவர் வைய வைய அவள் ரசம் ஊற்றுவாள். ஒருநாள் ரசம் இலையைத் தாண்டி ஓடியது.

"என்ன ஆத்தா, கவனம் எங்க போச்சு? ஒன்னையவா வையிறேன்?" என்று அவர் சிரித்தார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "மாமா, அன்னைக்குக் கோயில் வாசல்ல—" என்று மனசுக்குள் நூறு தடவை தொடங்கியிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

6

இரண்டு வருடம் கழித்துத் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் காசிமாயன் பார்க்க வந்தார். கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற வண்டி உரசிவிடும் என்று காரை அவர் மலையேற்றுவதே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ஜீப்பில் தொத்திக்கொண்டு, கம்பியைப் பிடித்துக் குதித்து இறங்கினார்.

அடைமழை. லயத்துக் கதவு சாத்தியிருந்தது. அவர் தள்ளினார், அசையவில்லை. மறுபடி தள்ளினார்.

"தோளால ஒரு இடி இடிங்க சம்பந்தி! மழைக்கு உப்பிப்போச்சு" என்று உள்ளேயிருந்து மருதாயி கத்தினாள்.

இடித்தார். கதவு பாய்ந்து திறந்து சுவரில் மோதியது. டொக்.

கட்டிலில் பிள்ளையோடு படுத்திருந்த பொன்னுமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உடனே உள்ளே வரவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்தபடி நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு பேரனைத் தூக்கிக் கொஞ்சினார்.

மழை விட்டதும், "சும்மா காலாற ஒரு நடை போயிட்டு வர்றேன்" என்று மேனேஜர் பங்களாப் பக்கம் போனார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறவள் என்ற உரிமையில் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஷெட் காலியாக இருக்கிறது, அவர் ஏலச்செடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். இன்னொன்றில் அந்த நீலப் பியட் நிற்கிறது. அவர் அதன் பின்கதவு விளிம்பில் பெயிண்ட் போன இடத்தை விரலால் தடவுகிறார். இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதாலேயே அதன்மேல் சந்தேகமாகவும் இருக்கிறது.

(குறிப்பு: அவர் காலமான பிறகு காரின் முன்பெட்டியைத் தேடினேன். ஆர்.சி. புத்தகம், ஒரு ஸ்பானர், காய்ந்த மரிக்கொழுந்து. அந்தப் பொட்டலம் இல்லை. பத்து வருடத்தில் தொலைந்தும் போயிருக்கலாம்.)

7

மூன்றாம் மாதம் பிள்ளையோடு மலையிறங்கினாள். ஜீப்பு நிற்கிற இடத்துக்குக் காசிமாயன் காரோடு வந்து கூட்டிப்போனார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடது பின்கதவை அவரே திறந்து பிடித்தார். கையில் பிள்ளை இருக்கிறதே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அவர் திறந்துவிட்டார். கடைத்தெரு, கோயில், கல்யாண வீடு, எங்கே போனாலும் அவர் சுற்றி வரும்வரை அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். மருமகளுக்குக் கதவு திறந்துவிடுகிற மாமனாரைப் போடி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தெருவே கேலி செய்தது. மாமியார் கருப்பம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"முப்பது வருசமா ஒங்களோட குப்பை கொட்டுறேன். எனக்கு ஒருநாளாச்சும் கதவத் தொறந்துவிட்டிருக்கீகளா?"

"ஒனக்குத்தான் தொறக்கத் தெரியுமே" என்றார் அவர்.

வீடே சிரித்தது. பொன்னுமணியும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வசவை விடவில்லை. ஆனால் 'நாதாரிப் பயல்' எப்போதோ போய்விட்டான். "யாரோ தெரியாம இடிச்சுட்டாக, பாவம்" என்பதுதான் கடைசிக் காலத்து வசவு. அமாவாசையிடமும் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கத் தொடங்கியிருந்தார்.

8

போன புரட்டாசியில் அவரை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியைச் சோலைமலை ஓட்டினார். மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால், இடது பக்கம்.

(கவனித்தீர்களா, 'நான்' வந்துவிட்டது. இந்த இடத்தை 'அவள்' என்று எழுத என்னால் முடியவில்லை.)

நெருக்கியடித்து வண்டிகள் நின்ற இடத்தில் எங்கள் காரும் நின்றது. பக்கத்தில் யாருடையதோ ஒரு புதுக் கார். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனிதர், நாங்கள் தடுக்கத் தடுக்க முதலில் இறங்கினார். கதவைப் பிடித்துப் பிடித்து என் பக்கம் வந்தார். என் கதவை மெல்லத் திறந்து, அதன் விளிம்புக்கும் பக்கத்துக் காருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"மெதுவா எறங்கு, ஆத்தா."

பத்து வருடமாக முடியாத வாக்கியத்தை அங்கே முடித்துவிட நினைத்தேன்.

"மாமா, அன்னைக்குக் கோயில் வாசல்ல—"

"வெயிலா இருக்கு. உள்ள போ" என்றார்.

அதற்குப் பிறகு அவரோடு தனியாகப் பேச வாய்க்கவில்லை.

9

ஒன்று, அவருக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் கதவைக் காத்தார், அதோடு என்னையும் காத்தார். இல்லை, அவருக்கு எதுவுமே தெரியாது. மருமகள்மேல் வைத்த பிரியம்தான் கதவு திறந்தது. முதலாவது உண்மையென்றால் என்னை மன்னித்துவிட்டார். இரண்டாவது உண்மையென்றால் நான் அவரிடம் கடைசிவரை மறைத்துவிட்டேன். நல்ல எழுத்தாளர் இந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நான் நேற்று முழுக்க நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். இரண்டிலும் அழுகைதான் வருகிறது.

(சனிக்கிழமை காலை. பட்டறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.)

மொக்கையன் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருக்கிறார். வண்டிக்குள் ஏதாவது சாமான் கிடக்கிறதா என்று பார்க்க இடது பின்கதவைத் திறந்தேன். கதவு விரிய விரிய என் இடது கை தானாகப் போய் அதன் விளிம்பை மூடிக்கொண்டது. பக்கத்தில் வேறு வண்டி எதுவும் இல்லை. வெறும் தரைதான்.

"என்ன தாயி, எடுத்துரட்டுமா? வெரசாச் சொல்லுங்க, பெயிண்ட் காஞ்சிரும்" என்கிறார் மொக்கையன்.

அவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் கையை இன்னும் எடுக்கவில்லை.