அத்தைக்கு விழுந்த அர்த்தம்

எங்கள் ஓட்டலில் தங்க வருகிறவர்கள் வாயைத் திறந்தால் ‘பிக் அப்’தான். கார் அனுப்பச் சொன்னாலும் அதுதான், பார்சலை வாங்கி வைக்கச் சொன்னாலும் அதுதான், போனை எடுக்கவில்லை என்று கத்தினாலும் அதுதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊர் வேலை அத்தனையையும் அதன் தலையில் கட்டுகிற கஞ்சத்தனத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எனக்கென்ன வந்தது என்று இருந்திருப்பேன். நான் இருப்பது பின்பக்கம், சலவை அறையில். படுக்கை விரிப்புகளை நின்றபடியே இஸ்திரி போட்டுப் போட்டுக் கால் வீங்கிவிட்டது. அப்போது பார்த்து வரவேற்பு மேசையில் ஒரு நாற்காலி காலியானது. சுழல்கிற நாற்காலி, முதுகுக்கு மெத்தை வேறு. அதில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்ற ஆசை வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரவேற்புக்குப் பொறுப்பானவரை நாங்கள் கண்ணாடி மேடம் என்போம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார்.

“உனக்கு இங்கிலீஷ் ஓரளவுக்கு வருது. ஆனா இந்த பிக் அப்ல தடுமாறினா இங்க ஒருநாள் ஓட்ட முடியாது. எல்லா அர்த்தமும் சொல்லு, நாற்காலி உனக்கு” என்றார்.

எழுதி வைத்துப் படித்தால் என் மண்டையில் ஒன்றும் தங்காது. சலவைக்கு வரும் சட்டைகளிலும் நான் சீட்டுப் பார்ப்பதில்லை. போட்டிருந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொள்வேன், சட்டை சரியான அறைக்குப் போய்விடும். அதையே இதற்கும் செய்தேன். அர்த்தங்களை வீட்டு மனுஷர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

வண்டியில் போய் ஆளை ஏற்றி வருவது என் வீட்டுக்காரருக்கு. தரையில் கிடப்பதைப் பொறுக்கி எடுப்பது நாத்தனாருக்கு, கழற்றிய துணியை அவள் ஒருநாளும் பொறுக்கியதில்லை என்பதால். ஜலதோஷம் பிடிப்பது மாமனாருக்கு. மாமாவுக்கு ஒரே சந்தோஷம், அர்த்தத்தைச் சொல்லும் முன்பே தும்மிக் காட்டினார். போனை எடுப்பது மாமியாருக்கு.

“எனக்கு ஏன் அது?” என்றார் அத்தை.

“போன் அடிச்சா நீங்க எடுக்கவே மாட்டீங்களே அத்தை. பக்கத்துலயே உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருப்பீங்க. அதான் மறக்காது.”

சொல்லியிருக்கக் கூடாது. என் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே!

“ஓஹோ. தும்முறவருக்கு மரியாதை, எனக்குக் குத்திக்காட்டலா?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

சோதனை நாள் காலையில் எனக்கு உதறல் எடுத்தது. முகங்களை நேரில் பார்க்காமல் ஒன்றும் வராது என்று தோன்றியது. “என்னங்க, எல்லாரும் எங்க ஓட்டலுக்கு வந்து முன்கூடத்து சோபாவுல வரிசையா உட்காருங்க” என்று கெஞ்சினேன். அவரும் எல்லோரையும் கூட்டி வந்தார். அத்தையும் வந்தார். ஆனால் சோபாவில் உட்காரவில்லை. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மேடத்தின் அறைக்குக் கண்ணாடிச் சுவர், உள்ளே இருந்தே கூடம் முழுக்கத் தெரியும். “ம், ஆரம்பி” என்றார் மேடம்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன், கார் வந்தது. நாத்தனாரைப் பார்த்தேன், துணி வந்தது. மாமா என் கண்ணைப் பார்த்ததும் கூடமே அதிரும்படி தும்மினார், ஜலதோஷம் வந்தது. கற்றுக்கொள்வது, வியாபாரம் சூடுபிடிப்பது என்று எங்கள் தெரு ஆட்களிடம் கொடுத்து வைத்திருந்தவைகூட வந்துவிட்டன.

“சபாஷ். இன்னும் ஒண்ணு பாக்கி. இருக்கிறதுலயே சுலபமானது.”

அத்தையைப் பார்த்தேன். கொண்டைதான் தெரிந்தது. கொண்டையை வைத்து நான் என்ன செய்வது? அந்த நேரம் பார்த்து வரவேற்பு மேசையில் போன் அடித்தது. மேசையில் இருந்தவர் யாருக்கோ அறை காட்ட மாடிக்குப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“சொல்லும்மா” என்றார் மேடம்.

“யோசிக்கிறேன் மேடம். அந்தச் சத்தத்துல யோசனையே ஓடல.”

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காதுக்குள்ளேயே பதில் அடிக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. நாற்காலி கைநழுவிப் போகிறது என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சட்டென்று சத்தம் நின்றது.

“அலோ! யாரு? இங்கிலீஷா? ஐயோ, இருங்க, இருங்க, வச்சிடாதீங்க. என் மருமக வருவா. அவளுக்கு எல்லாம் தெரியும்!”

ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அத்தை கத்திக்கொண்டிருந்தார்.

“அத்தை போனை பிக் அப் பண்ணிட்டாங்க!” என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளினேன்.

மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். “போ, போய்ப் பேசு. அதுவும் சோதனைதான்.”

ஓடினேன். யாரோ ஒரு மனிதர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, தன்னை வந்து பிக் அப் செய்யவும், தன் பேருக்கு வரும் பார்சலை பிக் அப் செய்யவும், ரயிலில் ஜலதோஷத்தை பிக் அப் செய்துவிட்டதால் வெந்நீர் வைக்கவும் ஒரே மூச்சில் சொன்னார். நான் சோபாவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, அவரிடம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். போனை வைக்கும்போது மேடம் பின்னால் நின்றார்.

“திங்கட்கிழமை பின்வாசல் வழியா வராதே. முன்வாசல் வழியா வா” என்றார்.

வெளியே வந்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

“வீட்டுல அடிச்சா தொடவே மாட்டீங்களே அத்தை. இங்க எப்படி எடுத்தீங்க?”

“வீட்டுல எடுத்தா எவனாவது இங்கிலீஷ்ல பேசுறான். பதில் சொல்லத் தெரியலன்னு உங்க முன்னாடி நிக்கணுமா? பயம்டி எனக்கு.”

“இங்க பயமா இல்லையா?”

“உயிரே போச்சு. ஆனா அது அடிச்சு அடிச்சு நின்னுபோனா உன் நாற்காலிக்குத்தானே கெட்ட பேரு?”

மேடம் கொடுப்பதற்கு முன்பே அந்த நாற்காலியை அத்தை எனக்குக் கொடுத்திருந்தார். யாரும் கேட்காமலே மாமா தும்மினார்.