பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு வாசல்

1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் காக்ஸ் டவுனில் ஜெனிஃபர் டீச்சரின் வீடு நாளுக்கு நாலு விரற்கடை மேலே போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி கோவிந்தப்பா முதலில் அதைப் படியின் கோளாறு என்றே நினைத்தார். காலையில் வாசலுக்குச் சரியாக ஒரு படி கட்டுவார். மாலையில் அந்தப் படிக்கும் வாசல் நிலைக்கும் நடுவே கை நுழையும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படி. பன்னிரண்டு வேலைநாளில் பன்னிரண்டு படி ஆயிற்று. அப்போதும் கை நுழைந்தது. "ஏனம்மா இது, ரசமட்டம் வெச்சுத்தானே கட்டுனேன்? எங்கப்பன் மேல ஆணெ!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தவறு அவருடையதல்ல. அது பழைய ஓட்டு வீடு. சுவரில் ஈரம் ஏறியதால், பழுது பார்க்கையில் அடிவரிசைச் செங்கல்லைச் சுற்றிலும் மாற்றித் தார் பூசிய தாளை விரித்தார்கள். அன்றோடு வீட்டுக்கும் மண்ணுக்கும் ஒட்டு விட்டுப்போனது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அடியில் புகுந்து முட்டையிட்டன. குழாய்க்கு ரப்பர் டியூப் போட்டு நீட்டினார்கள். வீட்டில் விரிசல் ஒன்றும் விழவில்லை.

அடுத்த மனையில் சிவசங்கரன் என்ற பில்டர் அபார்ட்மெண்ட் எழுப்ப வந்திருந்தார். கார் நிறுத்தப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குக் குழி தோண்டினார். பாறை தட்டிவிட்டதால் வேலை நாளுக்கு நாலு விரற்கடைதான் நகர்ந்தது. டீச்சரின் இடத்தையும் நாலு முறை கேட்டு நாலு முறையும் இல்லை என்ற பதிலைப் பெற்றவர், இப்போது வீடு மேலே போகிறதென்று கார்ப்பரேஷனுக்கு மனு எழுதிப் போட்டார். வார்டு இன்ஜினியர் வந்து குனிந்து பார்த்தார். வீடு உயரக் கூடாதென்று விதி எதுவும் இல்லை, ஆனால் தரையிலிருந்து வாசலுக்குச் சரியான படி இல்லாத வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது என்றார். அடுத்த வாரக் கடைசிக்குள் படி இல்லையென்றால் பூட்டிவிடுவதாகச் சொல்லிப் போனார்.

அந்த ஞாயிறு, வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க, கோலார் தங்கவயலிலிருந்து டீச்சரின் தம்பி சாமுவேல் வந்தான். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் எந்திரத்தின் டிரைவர் அவன். கேட்டருகிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா யக்கா, வூடு பாக்க வான்னு கூப்ட்டியே, ஏணி எடுத்தாடான்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"வாய மூடினு ஏறுடா."

அன்று முழுவதும் வீடு ஓர் இழைகூட நகரவில்லை. திங்கட்கிழமை பக்கத்துக் குழியில் துளைபோடும் மெஷின் ஓட ஆரம்பித்ததும் மறுபடி ஏறியது. சாமுவேலுக்கு விளங்கிவிட்டது. சுரங்கத்தில் ஒரே உருளையில் இரண்டு கயிறு எதிரெதிராகச் சுற்றியிருக்கும். உருளை சுழன்றால் ஒரு கூண்டு இறங்கும், மற்றது அதே அளவு ஏறும். சிவசங்கரனின் குழி இறங்குகிற கூண்டு, அக்காவின் வீடு ஏறுகிற கூண்டு. கயிறு எங்கேடா என்று அவள் கேட்டதற்கு, கண்ணில் படாத கயிறுதான் அறுவதில்லை என்றான். கேஸ் போட்டுக் குழியை மூட வைத்தால் வீடு தானாக இறங்கிவிடும் என்றும் சொன்னான்.

சுவருக்கு அப்பாலிருந்து சிவசங்கரன் இதைக் கேட்டுச் சிரித்தார். "டீச்சர், தரையில நிக்காத வீட்டை வாங்கறேன்னு சொல்ற ஆளு நான் ஒருத்தன்தான். எறங்கி வாங்க, பேசலாம்."

ஜெனிஃபர் வாசலில் வந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவரைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்க எவ்ளோ வேணா தோண்டுங்க சார். பன்னெண்டு அடி இன்னா, பாதாளம் வரைக்கும் தோண்டுங்க. நான் எறங்கறதா இல்ல."

கேஸும் வேண்டாம், குழியும் மூட வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லிவிட்டாள். படிதான் வேண்டும். அவள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பூசாத சுவரில் சாக்கட்டியால் ஒரு முக்கோணம் போட்டாள். நிற்கும் கோடு வீட்டின் உயரம், அது நாளுக்கு நாள் வளரும். அதைத் துரத்திக்கொண்டு படி கட்டியதுதான் கோவிந்தப்பா செய்த பிழை. தரையில் படுத்த கோடு குறைந்துகொண்டே வந்தால், சாய்ந்த கோடான படிக்கட்டின் நீளத்தை மாற்றவே வேண்டியதில்லை. வாசலிலிருந்து கேட்டுக்குப் பதினைந்து அடி. ஆடுகோடி வெல்டிங் பட்டறையில் பதினைந்து அடி நீளத்துக்கு இரும்புப் படிக்கட்டு அடிக்கச் சொன்னாள். கோவிந்தப்பா முனகிக்கொண்டே தன் பன்னிரண்டு படியையும் உடைத்தார்.

சனிக்கிழமை இன்ஜினியர் வந்தபோது படிக்கட்டின் கால் கேட்டுக்கு ஒரு சாண் உள்ளே நின்றது. பக்கத்தில் மெஷின் இரைந்துகொண்டிருக்க அவர் ஏறினார், காபி குடித்தார், 'படி உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் குழி பன்னிரண்டு அடியைத் தொட்டது. கார்களுக்காக அது குழியாகவே இருந்துவிட்டதால் வீடும் இறங்கவில்லை. தபால்காரர் ஏறுகிறார், கேஸ் சிலிண்டர் ஏறுகிறது. 2004இல் டெலிபோன் டைரக்டரி கொண்டுவந்த ஆள் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கினான். படிக்கட்டின் மேல்முனையில் கீல், கீழ்முனையில் சக்கரம். வீடு ஏற ஏறச் சக்கரம் உள்ளே உருண்டு வந்தது. வீடு பன்னிரண்டாவது அடியில் நின்றபோது சக்கரம் வாசலிலிருந்து ஒன்பதாவது அடியில் நின்றது.